இன்னும் மீன் விடவில்லை

கனடாவுக்குக் கிளம்பிய பெலியப்பா
தன் தொட்டியைக் கலைத்துவிட்டு
பதினெட்டுக் கிலோ கல்லைத் தந்தார்.
ஈரமான கன்னட நாளிதழில் சுற்றி
சர்ஜாபூரிலிருந்து லிங்கராஜபுரம் வரை
ஆட்டோவில்,
காலடியில் பாதி, மடியில் பாதி.
"ஏன் சார், மீனா?" என்றார் ஓட்டுநர், மூக்கைச் சுருக்கி.
கல் என்றேன்.
உயிருள்ள கல் என்று சொல்லியிருக்கலாம்.
மாரத்தஹள்ளிப் பாலத்தடியில்
அதை விளக்க யாருக்குத் தெம்பு.

இருநூறு லிட்டர், மூன்றாம் மாடி.
வீட்டுக்காரர் ருத்ரேஷ் வந்து
குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தார்.
கீழ்வீட்டுக்கு ஒழுகினால்
அட்வான்ஸில் கழித்துக்கொள்வாராம்.

வாரத்தில் மூன்று நாள் வரும் காவிரி
வடிகட்டிக்குள் போய்
ஒன்றுமில்லாத நீராகி வெளியே வந்தது.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு.
பெனிட்டா தோசைக் கரண்டியின் காம்பால் கலக்கினாள்.
மேட்டூரைப் பார்க்காமல்
கல்லணையைப் பார்க்காமல்
பூம்புகார்ப் பக்கமே போகாமல்
கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே
எங்கள் குளியலறை பக்கெட்டில்
காவிரி கடலானது.
எந்த நடுவர் மன்றமும் கேட்கவில்லை.

முதல் வாரம் வீடே நாறியது.
வழியில் செத்தவை கல்லின் துளைகளுக்குள் அழுகின.
அழுகட்டும், அதுதான் வேலை என்றேன்.
அழுகியதைத் தின்ன ஒரு கூட்டம் வரும்,
அது கழித்ததைத் தின்ன இன்னொரு கூட்டம்.
கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டும்
குடியேறி முடிக்கும்வரை
மீன் விடக்கூடாது.
"எத்தனை நாள்?"
சொல்ல முடியாது.
"ஏறக்குறைய?"
சொல்ல முடியாது, பெனி.

கேஸ் பதிந்த தேதிக்கும் பால் பாக்கிக்கும் நடுவே
காலண்டரில் எழுதிவைத்தோம்.
அமோனியா, இரண்டு.
நான்கு.
நான்கு.
குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்
மஞ்சள் வரவேண்டிய இடத்தில் பச்சை.
"விசேஷம் உண்டா" என்று கேட்கிற அதே குரலில்
"மீன் எப்போ" என்றார் அவள் அத்தை.
கல்லில் பழுப்பாக ஏதோ படர்ந்தது.

பத்தொன்பதாம் நாள் சண்டை.
மின்கட்டணம்தான் காரணம் என்று
வைத்துக்கொள்ளலாம்.
அவள் பாயை ஹாலுக்கு எடுத்துப் போனாள்,
அலை எழுப்பும் மோட்டாரின் முனகலுக்குப் பக்கத்தில்.
பேச்சு நின்றது.
காலண்டர் நிற்கவில்லை.
தினமும் அவள் கையெழுத்தில்:
அமோனியா, மஞ்சள்.
நைட்ரைட், ஊதா.
அதற்கு நேரே நான் ஒரு டிக் போடுவேன்.

இருபத்தாறாம் நாள், இரவு இரண்டேகால்.
டக்.

கண்ணாடி விரிசல் விடும் சத்தம்.
நான் அறையிலிருந்து ஓடி வருவதற்குள்
போர்வையைத் தரையில் விரித்திருந்தாள்.
மூலை மூலையாகத் தடவினேன்.
சிலிக்கான் ஓரமெல்லாம் காய்ந்துதான் இருந்தது.
ருத்ரேஷின் குதிகால் ஞாபகம் வந்தது.
டக்.
மறுபடி.
உள்ளேயிருந்து.

டார்ச்சில் சிவப்பு மிட்டாய்த் தாளைச் சுற்றி
ஒவ்வொரு துளையாக அவள்தான் தேடினாள்.
இரண்டு மீசை.
ஒரு கை சின்னது,
இன்னொன்று தன் தலையைவிடப் பெரியது.
விரல் சொடுக்குவதுபோல்
கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டு ஓர் இறால்,
என் சுண்டுவிரலில் பாதி.

பெலியப்பாவுக்கே தெரியாமல் கிளம்பி
என் மடிமேல் ஊர் கடந்து
பச்சையையும் ஊதாவையும் குடித்து
பத்தொன்பதாம் நாளையும் கேட்டபடி
உள்ளேயே இருந்திருக்கிறது,
வாடகை ஒப்பந்தத்தில் பெயரில்லாத ஆள்.

"மீன் விட்டால் கொன்னுடுமா இது?"
ஏழு நாளில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.
தெரியாது என்றேன்.
தெரியாதுதான்.
போர்வை தரையிலேயே கிடந்தது,
அதன்மேல் உட்கார்ந்து
அடுத்ததற்காகக் காத்திருந்தோம்.

காலையில் காலண்டரில்:
நைட்ரைட், அரை.
டக், ஆறு.